கப்பல் ஏறும் நாளில் கேபின் தயாராகும் வரை எங்கே இருப்பது, என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து க்ரூஸ் புக் செய்திருக்கிறோம். அப்பா, அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பையனுக்கு இரண்டு வயது. 11:30 மணிக்கே கப்பலில் ஏறலாம், ஆனால் கேபின் 1 மணிக்கு மேல்தான் கிடைக்கும் என்கிறார்கள். அதுவரை எங்கே உட்காருவது? முன்கூட்டியே அறை வாங்க வழி இருக்கிறதா?

பதில்:

சாதாரண கேபின் என்றால் முன்கூட்டியே வாங்க வழி இல்லை. ஆனால் எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள், தோளில் மாட்டும் பையில் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் சரியாகத் திட்டமிட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் பாரமாக இருக்காது. சிங்கப்பூர் என்பதால், மரினா பே க்ரூஸ் சென்டரிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பலாக (ஸ்பெக்ட்ரம், ஆந்தம், ஓவேஷன்) இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்ற நிறுவனங்களிலும் நடைமுறை ஏறக்குறைய இதேதான். நேரம் அரை மணி முன்பின் ஆகும். கார்னிவல் நிறுவனத்தில் பொதுவாக 1:30.

முதலில், ஏன் தாமதம் ஆகிறது என்பது தெரிந்தால் பாதி எரிச்சல் குறைந்துவிடும். இந்தக் கப்பல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,000 அறைகள். காலை ஆறு, ஏழு மணிவாக்கில் கப்பல் கரைக்கு வரும். பழைய பயணிகள் எட்டு, எட்டரைக்குள் அறையைக் காலி செய்து, ஒன்பதரை பத்துக்குள் இறங்கி முடிப்பார்கள். காலை முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு ஒரு வீட்டார் கிளம்ப, மாலை ரிசப்ஷனுக்கு அடுத்த வீட்டார் வாசலில் வந்து நிற்கும் கல்யாண மண்டபத்தின் நிலைமைதான். ஒரு பணியாளருக்கு 16 அறை என்று வையுங்கள். 8:30-லிருந்து 1 மணி வரை 270 நிமிடம். ஓர் அறைக்குப் பதினேழு நிமிடம்கூட வராது.

அதற்குள் என்னென்ன ஆக வேண்டும் பாருங்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் உருவி மூட்டை கட்டி சலவைக்கு அனுப்ப வேண்டும். லாக்கரையும் இழுப்பறைகளையும் திறந்து, கட்டிலுக்கு அடியிலும் குனிந்து, யாராவது எதையாவது விட்டுப் போனார்களா என்று பார்க்க வேண்டும். குளியலறையைக் கழுவ வேண்டும். போன குடும்பம் தனித்தனிக் கட்டில் கேட்டிருக்கும், வருகிற தம்பதிக்குச் சேர்த்துப் போட வேண்டும். மூன்றாவது, நான்காவது ஆள் இருந்தால் மேல்படுக்கையைத் தயார் செய்ய வேண்டும். பால்கனி அறையில் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைக்க வேண்டும். பிறகு மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். இத்தனையும் நடக்கும்போது தாழ்வாரம் முழுக்கத் துணி மூட்டையும் தள்ளுவண்டியும்தான் கிடக்கும். அதனால்தான் அறைப் பகுதிக்குள் போகும் தீத்தடுப்புக் கதவுகளைச் சாத்தி, அறிவிப்பு வரும்வரை யாரையும் விடுவதில்லை. “என் ரூம் மட்டும் ரெடியா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களால் வேலைதான் தடைப்படும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சில நாள் 1 மணியும் தாண்டும். முந்தைய பயணத்தில் வாந்தி, பேதி பரவியிருந்தால் (பெரும்பாலும் நோரோ வைரஸ்) கைப்பிடி, சுவிட்ச், ரிமோட் வரை கிருமிநாசினியால் துடைத்த பிறகுதான் திறப்பார்கள். வானிலையால் கப்பல் தாமதமாக வந்தாலும் அப்படித்தான். அப்போது ஏறும் நேரமே தள்ளிப்போகும். கப்பல் நிறுவனத்தின் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ தகவல் வரும். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை மணிக்கு ஏறுவது? ஆன்லைன் செக்-இன் பயணத்துக்கு 45 நாள் முன்பு திறக்கும். அதில் டெர்மினலுக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இளவட்டங்கள் முதல் ஸ்லாட்டுக்கு அடித்துப்பிடிப்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு 1 மணி அல்லது 1:30 ஸ்லாட்தான் சரி என்பேன். செக்-இன், பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவு எல்லாம் முடித்து உள்ளே போகும்போது அறை பெரும்பாலும் தயாராக இருக்கும். அப்பா அம்மா நேராகப் போய்ப் படுத்துவிடலாம். இதற்கு ஹோட்டலில் 12 மணிக்காவது காலி செய்ய அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அது கிடைக்காமல் 11 மணிக்கே பெட்டியோடு வெளியே நிற்க வேண்டிய நிலை என்றால் முதல் ஸ்லாட்டையே எடுங்கள். டெர்மினலில் காத்திருப்பதைவிடக் கப்பலுக்குள் காத்திருப்பது ஆயிரம் மடங்கு மேல். உள்ளே சாப்பாடு, ஏசி, சோபா, கழிப்பறை எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். எப்படிப் போனாலும் கப்பல் புறப்படுவதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன்னை அடைத்துவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். லிட்டில் இந்தியாவில் தங்கினால் தோபி காட்டில் ரயில் மாறி மரினா சவுத் பியர் வரை எம்.ஆர்.டி.யில் வரலாம். ஆனால் அங்கிருந்து பெட்டிகளோடு நடக்க வேண்டும். பெரியவர்களோடு வருகிறீர்கள், டாக்ஸி எடுத்துவிடுங்கள்.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு டெர்மினலில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள். அது ஏறும் வரைக்கும்தான். உள்ளே கொண்டுபோய் விட்டதும் அடுத்தவருக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உள்ளேயும் நாற்காலி தேவைப்படும் என்றால் சொந்தமாகக் கொண்டுவாருங்கள், அல்லது முன்பே வாடகைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இனி பை விஷயம். டெர்மினலில் பெரிய பெட்டிகளை ஒப்படைத்துவிடுவீர்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேர மாலை ஆகும். இரவு சாப்பாட்டு நேரம் வரைகூட இழுக்கும். அதாவது 1 மணிக்கு அறை கிடைத்தாலும் பெட்டி கிடைத்திருக்காது. அதனால் தோள்பையை இரவு எட்டு மணி வரைக்கும் தாங்குகிற மாதிரி கட்டுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும், விசா, போர்டிங் பாஸும் அதில்தான் இருக்க வேண்டும். பெட்டியைப் போட்டுவிட்டு “ஐயோ, பாஸ்போர்ட் உள்ளே” என்று ஓடுகிறவர்களை ஏறும் நாளில் பார்க்கலாம். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் குடிநுழைவுச் சோதனை உண்டு, பாஸ்போர்ட் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. அதற்கடுத்து மருந்துகள்: மதியத்துக்கும் இரவுக்கும் மட்டும் அல்ல, பயணம் முழுமைக்குமான மருந்தும் மருத்துவர் சீட்டோடு கையிலேயே இருக்கட்டும். இன்சுலின் என்றால் குளிர் காக்கும் சின்னப் பை. அறைக் குளிர்பெட்டி கைக்கு வரும்வரை அதுதான் கதி. குழந்தைக்கு ஆறேழு டயப்பர், மாற்று உடை இரண்டு, பால் பவுடர், பழகிய போர்வை. பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் அல்லது சால்வை, ஏனென்றால் உள்ளே ஏசி நன்றாகவே குளிரும். சார்ஜர், கண்ணாடி, நகை, பணம். நீந்த விரும்புகிறவர்களுக்கு நீச்சல் உடை. பை பெரிதாகிவிட்டால் அதையே தூக்கிக்கொண்டு கப்பல் முழுக்க அலைய வேண்டிவரும். குடும்பத்துக்கு ஒரு முதுகுப்பை, ஒரு சின்ன கைப்பை போதும். மடக்கும் ஸ்ட்ரோலர் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். கேபின் கிடைக்கும் முன்பே பையன் தூங்கிவிட்டால் அதுதான் கட்டில்.

காசு கொடுத்து வாங்கும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ராயல் கரீபியனில் ‘தி கீ’ என்ற கட்டணத் திட்டம் உண்டு. முன்னுரிமையில் ஏறலாம், முதல் நாள் மதியம் பெரிய உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், அங்கே கைப்பையைக் கொடுத்தால் அறையில் கொண்டுபோய் வைப்பார்கள். இணைய வசதியும் அதில் சேர்ந்தது. இணையம் எப்படியும் வாங்கப் போகிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காத்திருப்பதைத் தவிர்ப்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம், அறை அதனால் முன்கூட்டித் திறப்பதில்லை. அறையையே சீக்கிரம் தருவது கார்னிவலின் ‘ஃபாஸ்டர் டு தி ஃபன்’. அது அந்த நிறுவனத்தில் மட்டும், அதுவும் குறைந்த எண்ணிக்கையில்தான் விற்பார்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் ஓடுவார்கள்: 14-ஆம் தளத்தில் இருக்கும் விண்ட்ஜாமர் பஃபே. 12 முதல் 1 வரை தட்டோடு மேசை தேடி அலையும் கூட்டம். பெரியவர்களை முதலில் அங்கே கூட்டிப்போகாதீர்கள். 5-ஆம் தளத்தின் பின்கோடியில் டூ70 என்ற பெரிய கண்ணாடிக் கூடம் இருக்கிறது. சாய்ந்து உட்கார நல்ல நாற்காலிகள், எதிரே கடல், பக்கத்திலேயே ஒரு சிறு கஃபே. சூப், சாலட், சாண்ட்விச் இலவசம். அப்பா அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மற்ற வேலையைப் பார்க்கலாம். சோறும் குழம்பும் வேண்டும் என்றால் 1:15-க்குப் பிறகு விண்ட்ஜாமருக்குப் போங்கள். அறை திறந்த அறிவிப்பு கேட்டதும் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும், மேசை கிடைக்கும். சிங்கப்பூர்ப் பயணங்களில் இந்திய உணவுக்கென்று ஒரு பகுதி இருக்கும். சுத்த சைவம் என்றால் இரவு உணவகத்தின் தலைமைப் பரிமாறுபவரிடம் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது.

பையனை நீச்சல் குளத்தில் விடலாம் என்று எண்ணியிருந்தால் ஒன்று கவனியுங்கள். டயப்பர் போடும் குழந்தைகளை, நீச்சல் டயப்பராக இருந்தாலும், பொதுக் குளத்தில் விடமாட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்கென்று தனியாக உள்ள நீர் விளையாட்டுப் பகுதியில் மட்டும்தான் அனுமதி. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்சரிக்குத் தனிக் கட்டணம் உண்டு, இடமும் குறைவு. தேவைப்பட்டால் இந்தக் காத்திருக்கும் நேரத்திலேயே போய்ப் பதிந்துவிடுங்கள்.

இந்த இடைவெளியில் கட்டாயம் முடிக்க வேண்டிய வேலை பாதுகாப்புப் பயிற்சி. ஆப்பில் வீடியோவைப் பார்த்து, அபாயச் சங்கின் ஒலியைக் கேட்டுவிட்டு (ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி), உங்களுக்கு ஒதுக்கப்பட்ட கூடுமிடத்துக்கு நேரில் போனால் பணியாளர் ஸ்கேன் செய்து பதிவு செய்வார். மதியம் போனால் ஐந்து நிமிடம். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் வரிசை. ஏனோதானோ என்று விட்டுவிடும் விஷயம் இல்லை இது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறியிருந்த பயணிகளுக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றி, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அம்மா, அப்பாவையும் நேரில் அழைத்துப் போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். எந்தப் படிக்கட்டு வழியாக வர வேண்டும் என்பதையும் அப்போதே நடந்து பார்த்துவிடுங்கள், ஆபத்து நேரத்தில் லிஃப்ட் கிடையாது.

1 மணிக்கு அறிவிப்பு வந்ததும் எல்லா லிஃப்டும் நிரம்பி வழியும். இருபது நிமிடம் கழித்து எழுந்தால் போதும். அறை வாசலில் உறையில் உங்கள் சீபாஸ் அட்டை (அறைச் சாவியாகப் பயன்படும் அட்டை) இருக்கும். பெயரும் எண்ணிக்கையும் சரியா என்று பார்த்து எடுங்கள். உள்ளே போனதும் குழந்தைக் கட்டில் வந்திருக்கிறதா, படுக்கைகள் நீங்கள் கேட்டபடி இருக்கின்றனவா என்று பார்த்து, குறை இருந்தால் பணியாளரிடம் அப்போதே சொல்லுங்கள். அன்று மாலைக்குள் அவர் எல்லா அறைகளையும் ஒருமுறை சுற்றிவருவார்.

பெட்டி இரவு எட்டு மணிக்கும் வரவில்லை என்றால் இரண்டு காரணம்தான். ஒன்று, பெட்டியில் மாட்டிய டேக் (பெயர், கேபின் எண் உள்ள சீட்டு) கிழிந்து போயிருக்கும். வீட்டில் அச்சடித்த காகித டேக் ஒரு மழைத்தூறலுக்கே நைந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்டேப்ளர் அடியுங்கள், பெட்டிக்குள்ளும் பெயர், கேபின் எண் எழுதிய ஒரு தாளை வையுங்கள். மற்றொன்று நம்மவர்களிடம் அதிகம்: எக்ஸ்ரேயில் மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, எக்ஸ்டென்ஷன் வயர் ஏதாவது தெரிந்து பெட்டியைப் பாதுகாப்புப் பிரிவில் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஊதுபத்தி, மெழுகுவர்த்திக்கும் இதே கதிதான். வீட்டில் சமைத்த உணவுக்கும் அனுமதி இல்லை. கடையில் வாங்கிய சீல் உடைக்காத பிஸ்கட், மிக்சர், குழந்தை உணவு பொதுவாகப் பிரச்சினை ஆவதில்லை. பெட்டி நின்றுவிட்டால் பதற வேண்டாம். விருந்தினர் சேவை மேசையில் கேட்டால் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வார்கள். நீங்களே போய் அவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். தடைசெய்த பொருளை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கடைசி நாள் இறங்கும்போது பொருளைத் திரும்ப வாங்க அது வேண்டும்.