கேள்வி - பதில்: பர்மிங்காம் தண்ணீரை விலைக்கு வாங்கிய கதை

போன இதழில் தெருவிளக்கு பற்றிய ஒரு பதிலில், ஜோசப் சேம்பர்லின் என்ற மேயர் 1870-களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தை மாற்றிக் காட்டினார் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றியே நிறையக் கடிதங்கள். நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. இந்த இதழ் முழுக்க அதற்கே.

சேம்பர்லினுக்கு முன்பு அங்கே நகராட்சியே இல்லையா?
(வாசகர், தஞ்சாவூர்)

இருந்தது. 1835-இல் வந்த நகராட்சிச் சட்டத்தின்படி 1838-இலேயே பர்மிங்காமுக்கு நகர்மன்றம் கிடைத்துவிட்டது. ஆனால் 1850-களில் மன்றம் ஜோசப் ஆல்டே என்பவரின் கோஷ்டி கைக்குப் போனது. வீட்டு வரியைக் கூட்டக் கூடாது, செலவைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கொள்கை. 'உட்மன்' என்ற மதுக்கடையில் கூடிப் பேசுவார்கள். சாலைக்கான செலவைக்கூட வெட்டினார்கள்.

அவர்களை ஆதரித்தவர்களில் பலர் சின்னக் கடைக்காரர்கள். வரி ஏறினால் முதலில் அடிபடுகிறவர்கள் அவர்கள்தான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சிக்கனத்தின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். 1871-இல் ஊரின் மக்கள்தொகை 3,40,000-க்கு மேல். அதில் பெரும்பகுதி கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது. அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே மலக்குழிகள் இருந்தன.

இதை மாற்றுவதற்கான பேச்சு தேவாலயத்தில்தான் தொடங்கியது. ஜார்ஜ் டாசன் என்ற போதகர், ஒரு நாடு தன் மக்களுக்குச் செய்ய வேண்டியதை ஒரு நகரமும் தன் மக்களுக்குச் செய்தாக வேண்டும் என்று விடாமல் சொல்லிவந்தார். ஆர்.டபிள்யூ. டேல் என்ற இன்னொரு போதகரும் அதையே சொன்னார். நகர்மன்றத்துக்குப் போவது கௌரவக் குறைவு என்று ஒதுங்கியிருந்த ஆலை முதலாளிகள், அதைக் கடமையாக நினைத்து வரத் தொடங்கியது அப்புறம்தான். அப்படி வந்தவர்களில் ஒருவர் திருகாணித் தொழிற்சாலை நடத்திப் பணம் சேர்த்த சேம்பர்லின். 1869-இல் கவுன்சிலர். 1873 நவம்பரில் மேயர். அப்போது வயது 37.

இவ்வளவு வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வரியை ஏற்றினாரா?
(வாசகி, கும்பகோணம்)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். அடிப்படை, கடன்தான். ஊரில் இரண்டு தனியார் கேஸ் கம்பெனிகள் இருந்தன. தெருவிளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் அவர்கள் தயாரிக்கும் கேஸ்தான். இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டுக்கு நகராட்சியே வாங்கிவிடலாம் என்று 1874-இல் மன்றத்தில் முன்மொழிந்தார். நகராட்சியின் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் மலைக்க வைக்கும் தொகை. தயங்கியவர்களிடம், நகராட்சிக்கு வேண்டாமென்றால் இந்த வியாபாரத்தை நானே எடுத்து நடத்துகிறேன், சில வருடங்களில் பெரும் பணத்தோடு ஒதுங்கிவிடுவேன் என்றார். ஒரு வியாபாரியே இப்படிச் சொன்னால் அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? 1875-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிக் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே 30,000 பவுண்டுக்கு மேல் லாபம்.

அடுத்தது தண்ணீர்க் கம்பெனி. விலை 13,50,000 பவுண்டு. இங்கேதான் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. கேஸில் லாபம் பார்க்கலாம், அந்த லாபம் ஊருக்குப் போகட்டும். தண்ணீரில் லாபமே பார்க்கக் கூடாது, மிச்சம் வந்தால் விலையைக் குறைக்க வேண்டும் என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னார். மக்களின் உயிரும் சாவும் அடங்கிய ஒரு பொருளை வியாபாரிகள் கையில் விடக் கூடாது என்று பாராளுமன்றக் குழுவிடமே வாதாடினார். நாற்பது வருடம் பற்று-வரவு எழுதியவன் சொல்கிறேன்: எந்தத் தலைப்பில் லாபம் வரலாம், எந்தத் தலைப்பில் வரக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கணக்கைத் திறப்பது அபூர்வம்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோதே, 1875 பிப்ரவரியில் அவருடைய இரண்டாவது மனைவி பிரசவத்தில் இறந்தார். முதல் மனைவியும் அப்படியே இறந்தவர். உடைந்துபோனார். ஆனாலும் பதவிக்காலம் தொடர்ந்தது. 1876-இல் பாராளுமன்றத்துக்குப் போகும்வரை மேயர் அவர்தான்.

சேரிகளை இடித்தாரே, அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?
(வாசகி, திருநெல்வேலி)

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் அம்மா. முதலில் அந்த வீடுகளைப் பற்றி. 'பேக்-டு-பேக்' என்பார்கள்: இரண்டு வீடுகளுக்குப் பின்சுவர் ஒன்றே. அதனால் ஒரு பக்கம் மட்டுமே ஜன்னல். குறுக்கே காற்று ஓட வழியில்லை. பல வீடுகளுக்குச் சேர்த்து நடுவில் ஒரு முற்றம். கழிப்பறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் அங்கே பொது. வில்லியம் ஒயிட் என்ற கவுன்சிலர் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னலுக்கு நேர் கீழே மலக்குழி இருப்பதால் ஜன்னலையே திறக்க முடியாத குடும்பத்தைப் பற்றி மன்றத்தில் சொன்னார். பணக்காரர்கள் வாழ்ந்த எட்ஜ்பாஸ்டனைவிட செயின்ட் மேரிஸ் வட்டாரத்தில் சாவு விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட இடத்தில் வளரவிட்டு, அப்புறம் அவர்களுடைய ஒழுக்கத்தைக் குறை சொல்வது என்ன நியாயம் என்று சேம்பர்லின் கேட்டார்.

1875-இல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தை வைத்து, நகரின் நடுவில் 40 ஏக்கருக்கு மேல் வாங்கி இடிக்கத் தொடங்கினார்கள். 1878-இல் கார்ப்பரேஷன் தெரு பிறந்தது. அகலமான தெரு, பெரிய கடைகள், அலுவலகங்கள். மனைகளை 75 வருடக் குத்தகைக்கு விட்டார்கள், நிலம் ஒருநாள் நகராட்சிக்கே திரும்பட்டும் என்று. கணக்காகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் வீடிழந்தவர்கள்? பெரும்பாலும் பக்கத்துச் சேரிகளில் போய் நெருக்கியடித்துக்கொண்டார்கள். அந்தத் திட்டப் பகுதியில் நகராட்சி கட்டிய முதல் வீடுகள் 1890-இல் ரைடர் தெருவில் 22, அடுத்த வருடம் லாரன்ஸ் தெருவில் 82. அவ்வளவுதான். அதன் வாடகையும் பரம ஏழைகளுக்கு எட்டாது. தண்ணீரில் லாபம் கூடாது என்று சொன்ன அதே மன்றம், ஏழையின் வீட்டு மனையில் கடைத்தெருவை எழுப்பியது. நகரம் அழகானதைச் சொல்லி இதை ஈடுகட்டப் பார்ப்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். புதிய வீட்டைக் கட்டி முடித்த பிறகே பழைய வீட்டில் கை வைத்திருக்க வேண்டும். அந்த நகராட்சிக்குக் கடன் வாங்கத் தெரியாமல் இல்லை.

அப்போது பெண்களுக்கு வாக்குரிமை உண்டா?
(வாசகி, கோவை)

நகராட்சித் தேர்தலில் மட்டும், 1869 முதல். அதுவும் தன் பெயரில் வரி கட்டும், மணமாகாத பெண்களுக்கும் விதவைகளுக்கும்தான். கவுன்சிலராக நிற்க 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பர்மிங்காமின் முதல் பெண் கவுன்சிலர் எலன் பின்சென்ட், 1911-இல் வந்தார்.

இந்த வேலையில் பர்மிங்காம்தான் முதலா?
(வாசகர், மதுரை)

இல்லை. நகரச் சுகாதார அதிகாரி என்ற பதவிக்கு வழி காட்டியது லிவர்பூல். 1847-இல் டாக்டர் டங்கனை நியமித்தது. கிளாஸ்கோ 1859-இலேயே கேட்ரின் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்துவிட்டது; விக்டோரியா மகாராணியே போய்த் திறந்துவைத்தார். மான்செஸ்டர் கேஸ் லாபத்தை ஊருக்குச் செலவிட்டது. பர்மிங்காம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தது.

மியூனிக்கில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட சேம்பர்லின் இவரா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

அது அவர் மகன் நெவில். அவரும் பர்மிங்காம் மேயராக இருந்தவர். நகராட்சியே நடத்தும் சேமிப்பு வங்கியைத் தொடங்கியவர். தந்தைக்கும் உங்கள் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1895 முதல் 1903 வரை அவர் பிரிட்டனின் காலனிகள் அமைச்சர். இலங்கை நிர்வாகம் அவருடைய துறையின் கீழ்தான் இருந்தது. தென் ஆப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போரும் அவர் காலத்தில்தான். ஊருக்குத் தண்ணீர் கொடுத்த அதே மனிதர், காலனிகளை விடாமல் பிடித்துவைத்திருப்பதிலும் அதே பிடிவாதம் காட்டினார். முதலாவதை மதிக்கிறேன், இரண்டாவதை மன்னிக்க முடியவில்லை.

என் மகள் பர்மிங்காமில் படிக்கிறாள். நாங்கள் போனால் எதைப் பார்க்கலாம்?
(வாசகர், திருச்சி)

நகரின் நடுவில் சேம்பர்லின் சதுக்கத்துக்குப் போங்கள். அவர் பெயரால் 1880-இல் எழுப்பிய நீரூற்று இருக்கிறது. பக்கத்திலேயே 1885-இல் திறந்த அருங்காட்சியகம். நூலகங்களுக்கென்று வசூலித்த வரியில் அதைக் கட்டப் பணம் போதாது என்பதால், கேஸ் துறை தன் அலுவலகத்தைக் கட்டி, அதற்கு மேல் கலைக்கூடம் அமைத்துக் கொடுத்தது. தொழிலில் கிடைத்த லாபத்தால் கலையை வளர்க்கிறோம் என்ற வாசகம் அங்குள்ள கல்லில் இருக்கிறது; மகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஹர்ஸ்ட் தெருவுக்கு நடந்து போனால், இடிக்காமல் மிஞ்சிய பேக்-டு-பேக் வீடுகளின் முற்றம் ஒன்றைக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுவார்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மாடிப்படி மிகக் குறுகல், முழங்கால் வலி இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.