வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என் கார் ஒரு பக்கமாக இழுக்கிறது. என்ன காரணம்? உடனே பதில் வேண்டும்.

ப: எந்தப் பக்கம்? நேராகப் போகும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? சமீபத்தில் டயர் மாற்றினீர்களா, பள்ளத்தில் விட்டீர்களா? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் பதிலுக்கு அவசரப்பட்டால் எப்படி? முதலில் வண்டி குளிர்ந்திருக்கும்போது நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். முன் டயர்களில் எதில் காற்று குறைவோ, அந்தப் பக்கம் வண்டி போகும். அதைச் சரிசெய்த பிறகும் இழுத்தால் விவரமாக எழுதுங்கள்.

கே: மூன்று முறை வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்துவிட்டேன். இன்னும் இடப்பக்கம்தான் இழுக்கிறது. மெஷின் கோளாறா?

ப: மெஷினை விடுங்கள். வண்டியை மேடையில் ஏற்றுவதற்கு முன் காற்றைப் பார்த்தார்களா? முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்களா? எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட்டையோ (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்) கிழிந்த வண்டியில், நிற்கும்போது வைத்த கோணம் ஓடும்போது நிற்காது. தேய்ந்த பாகத்தை மாற்றாமல் செய்யும் அலைன்மென்ட் வீண் செலவு.

இன்னொன்று. பல இடங்களில் முன்பக்க டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் திருகிவிட்டு, திரையில் பச்சை வந்ததும் வண்டியை இறக்கிவிடுகிறார்கள். முன்பக்க டோ தப்பாக இருந்தால் டயரைத் தின்னும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும்; வண்டி இழுப்பதற்கு அது காரணமாவது அபூர்வம். இழுப்பது கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு; மேற்பகுதி வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்) காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபடும்போதுதான். கேம்பர் எந்தப் பக்கம் பாசிட்டிவ் அதிகமோ, காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ, அந்தப் பக்கம் போகும். அரை டிகிரி வித்தியாசத்தையே கை உணரும். பல கார்களில் முன்பக்கம் இவற்றைத் திருகி மாற்ற வசதியே கிடையாது. அளவு விலகியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். செய்வதற்கு முன், செய்த பின் என்று இரண்டு அளவுகளும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். தராத இடத்தில் வண்டியை ஏற்றாதீர்கள்.

எல்லா அளவும் சரி, ஆனாலும் இழுக்கிறதா? முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். இழுப்பு மறுபக்கம் போனாலோ நின்றாலோ குற்றம் டயருடையது. எத்தனை அலைன்மென்ட் செய்தாலும் தீராது. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் இப்படி மாற்றக் கூடாது. அந்தந்தப் பக்கத்திலேயே, அளவு ஒன்றாக இருந்தால், முன் டயரைப் பின்னால் போட்டுப் பாருங்கள்.

கே: பிரேக் பிடிக்கும்போது மட்டும் வலப்பக்கம் வெட்டுகிறது. வலது காலிப்பரை (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள்.

ப: பொறுங்கள். வலது பிரேக் ஒழுங்காகப் பிடித்து, இடது பிடிக்காமல் இருந்தாலும் வலப்பக்கம்தான் வெட்டும். இடது காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின், பேடைத் தள்ளும் பிஸ்டன், பேடில் எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பேடை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

கே: காலையில் நேராகப் போகிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் இடப்பக்கம் இழுக்கிறது, அந்தச் சக்கரம் கொதிக்கிறது.

ப: பிரேக் விடவில்லை. இந்த நிலையில் ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். பட்டறையில் சக்கரத்தைத் தூக்கி, அது இறுகியிருக்கும்போதே காலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறக்கச் சொல்லுங்கள். உடனே சக்கரம் இலகுவாகச் சுற்றினால், காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும், உள்ளே அடைத்துப்போன ஹோஸ் மீதுதான் முதல் சந்தேகம். அப்போதும் இறுக்கமாக இருந்தால் காலிப்பர்.

கே: நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை விட்டுப் பார்த்தேன். மெல்ல ஓரத்துக்குப் போகிறது.

ப: ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கை விடுவது சோதனையா? பிடியைத் தளர்த்தினாலே தெரிந்துவிடும். மழைநீர் வடிய சாலையை ஓரத்துக்குச் சரிவாகத்தான் போடுகிறார்கள், சுமார் 2 சதவீதம். அதனால் கொஞ்சம் ஓரம் சாய்வது இயல்பு. ஆளில்லாத சமதளத்தில் போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் ஒரே பக்கம் இழுத்தால்தான் வண்டியில் குறை. அப்புறம், மறுபடியும் சொல்கிறேன், முதலில் காற்று.

கே: வலது திரும்பி வந்தால் வலதுக்கும், இடது திரும்பி வந்தால் இடதுக்கும் இழுக்கிறது.

ப: ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே உள்ள பேரிங்கோ, பால் ஜாயின்ட்டோ இறுகியிருக்கலாம். அலைன்மென்ட்டுக்குப் போகாதீர்கள்.

கே: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் ஒரு பக்கம் போகிறது.

ப: முன்சக்கர இழுவை வண்டியில் லேசாக இருந்தால் பயம் வேண்டாம். புதிதாகத் தொடங்கியிருந்தால் இன்ஜின் மவுன்ட்டையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பாருங்கள்.

கே: வண்டி நேராகத்தான் போகிறது, ஸ்டியரிங் மட்டும் கோணலாக இருக்கிறது. இதுவும் இழுப்புதானா?

ப: இல்லை. நேற்று அலைன்மென்ட் செய்து இன்று கோணல் என்றால், ஸ்டியரிங்கை நடுவில் பூட்டாமலே டோ வைத்திருப்பார்கள். திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள், பின்சக்கர டோவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன், பின் அளவுகள் உள்ள தாளை வாங்காமல் வராதீர்கள்.