நான்கு பெரிதென்றால் நான்கில் ஒன்றும் பெரிதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. அரை, கால் என்று வாய்ச்சொல்லாகச் சரியாகவே சொல்கிறான். ஆனால் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால், நான்குதான் பெரிய எண் என்பதால் நான்கில் ஒன்றே பெரியது என்கிறான். வட்டம் வரைந்து, பிரித்து, வண்ணம் தீட்டிக் காட்டியும் பயனில்லை. வீட்டில் வேறு எப்படிச் செய்து காட்டலாம்?

பதில்: தங்கள் மகன் கவனக்குறைவால் இப்படிச் சொல்லவில்லை. இதுவரை அவன் எண்ணிய எல்லா இடங்களிலும் நான்கு, மூன்றைவிடப் பெரியதாகவே இருந்திருக்கிறது. அந்த விதியைப் புதிய இடத்திலும் நேர்மையாகப் பயன்படுத்துகிறான். எனவே 'தப்பு' என்று திருத்துவதைவிட, அந்த விதி அவன் கையிலேயே பொய்த்துப் போவதற்கு வழி செய்வது மேல்.

வட்டத்தைச் சில காலம் ஒதுக்கி வையுங்கள். ஒரு வட்டத்தைக் கையால் மூன்று சம பங்குகளாகப் பிரிப்பது பெரியவர்களுக்கே எளிதன்று. கோணல் மாணலான துண்டுகளைக் காட்டி அவை சமம் என்று குழந்தையை நம்பச் சொல்கிறோம். நீளமான காகிதப் பட்டைகள் இதற்கு மிகவும் பொருத்தமானவை, ஏனெனில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தவுடனே எது நீளம் என்பது தெரிந்துவிடும். ஒரு ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால், அதிலிருந்து 3 செ.மீ. அகலத்தில் ஏழு பட்டைகள் கிடைக்கும். எல்லாவற்றையும் 24 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். 24 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு: அதை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என எப்படிப் பிரித்தாலும் 12, 8, 6, 4, 3 என முழுச் சென்டிமீட்டர்களே வரும். ஒன்றை முழுப் பட்டையாகவே வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தை இந்த ஐந்து விதமாகப் பிரிக்கலாம். மிஞ்சும் ஏழாவது, மடிக்கும்போது கெட்டுப் போகும் பட்டைக்கு மாற்றாக இருக்கட்டும்.

மடிப்பது அவன் வேலை. ஒரு பட்டையை ஒருமுறை மடித்தால் இரண்டு பங்கு, மறுமுறை மடித்தால் நான்கு. மூன்றாம் முறை மடித்துப் பிரிப்பதற்கு முன் எத்தனை பங்குகள் இருக்கும் என்று கேளுங்கள். 'ஆறு' என்று பதில் வர வாய்ப்பு மிகுதி. பிரித்து எண்ணி எட்டு என்று அவனே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. மூன்றாகப் பிரிப்பது மட்டும் பாதி பாதியாக மடிப்பதால் வராது. உறைக்குள் வைக்கும் கடிதத்தைப் போல இரு முனைகளையும் உள்நோக்கிக் கொண்டுவந்து, மூன்று பங்குகளும் ஒத்துவரும்வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். பொறுமை இழந்து நீங்களே மடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நகர்த்தலில்தான் 'சம பங்கு' என்றால் என்ன என்பதை அவன் விரல்கள் அறிகின்றன.

வெட்டிய பிறகு மூன்றில் ஒரு துண்டையும் நான்கில் ஒரு துண்டையும் அருகருகே வைத்து, ஏன் இப்படி என்று கேளுங்கள். அதிகப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குக் கிடைப்பது குறையும் என்ற விளக்கம் அவன் வாயிலிருந்து வர வேண்டும். அடுத்த நாள் வேறொரு சிறிய பட்டையைக் கொடுத்து, அதன் பாதியையும் பழைய பட்டையின் பாதியையும் ஒப்பிடச் சொல்லுங்கள். 'எதில் பாதி?' என்ற கேள்வி அவனுக்குள் எழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

'ஒன்று பை மூன்று' என்று படிக்கும் வழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது இரண்டு தனித்தனி எண்களைப் போலவே காதில் விழுகிறது. 'மூன்றில் ஒன்று' என்ற நம் சொல்லோ எத்தனை பங்கு போட்டோம் என்பதை முதலிலும், எத்தனையை எடுத்தோம் என்பதைப் பிறகும் செய்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறது. அரைக்கால் என்ற பழைய சொல்லையும் சொல்லிக்கொடுத்து, காலில் அரை எந்தத் துண்டு என்று தேடச் சொல்லுங்கள். எட்டில் ஒரு பங்கான 3 செ.மீ. துண்டை அவனே எடுத்து நீட்டுவான்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பட்டைகள், மணிகள் எல்லாம் கொண்டு செய்து காட்டிய பிறகும், குறிப்பேட்டில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மாணவர்கள் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள். ஏன்?

பதில்: மேலே இருப்பதை மேலே உள்ளதோடும், கீழே இருப்பதைக் கீழே உள்ளதோடும் கூட்டுகிறார்கள். கையால் செய்ததும் குறிப்பேட்டில் எழுதுவதும் அவர்களுக்கு இரு வேறு பாடங்களாகவே இருக்கின்றன. 1978இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டில், 13 வயது மாணவர்களிடம் 12/13, 7/8 ஆகியவற்றின் கூட்டுத்தொகையைத் தோராயமாகக் கேட்டார்கள். இரண்டுமே ஏறக்குறைய ஒன்று என்பதால் விடை 2. அதைச் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்கினர்கூட இல்லை; பாதிக்கும் மேற்பட்டோர் 19 அல்லது 21 என்றார்கள்.

ஆகவே எழுதுவதற்கு முன் உத்தேசமாக மதிப்பிடப் பழக்குங்கள். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்தது எப்படி என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். பிறகு 12 செ.மீ. துண்டையும் 8 செ.மீ. துண்டையும் முனையோடு முனை சேர்த்து வைத்து, இரண்டையும் மிச்சமின்றி அளக்கக்கூடிய ஒரே வகைத் துண்டைத் தேடச் சொல்லுங்கள். ஆறில் ஒரு பங்கான 4 செ.மீ. துண்டு முன்னதில் மூன்று முறையும் பின்னதில் இரண்டு முறையும் பொருந்தும். ஆக, ஆறில் ஐந்து. துண்டு மேசையில் நகரும் ஒவ்வொரு முறையும் அதற்குரிய வரியைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். பகுதிகளைச் சமமாக்கும் விதியைத் தனியாகச் சொல்ல வேண்டியிராது.

கேள்வி: 12 பொத்தான்களில் நான்கில் ஒரு பங்கை எடுக்கச் சொன்னால், என் பேத்தி நான்கு பொத்தான்களை எடுக்கிறாள். என்ன செய்வது?

பதில்: நான்கு தட்டுகளை வைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து பங்கிடச் சொல்லி, ஒரு தட்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பொத்தான்களின் எண்ணிக்கையை 8, 20 என்று மாற்றிக்கொண்டே இருங்கள். 16 மட்டும் வேண்டாம். அதில் நான்கில் ஒரு பங்கு நான்கே என்பதால், தவறான எண்ணத்துக்கும் சரியான விடை கிடைத்துவிடும்.