தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் 200-க்குள் காட்டினால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாமா?

கூடாது. அந்த மீட்டரை நம்பிக் குடித்துத்தான் என் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தது.

மதுரை செல்லூரில் இருக்கிறோம். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, மீட்டர் 1,400 காட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் குழாயில் வருகிற தண்ணீர் 180தான். பிறகென்ன, ஆர்.ஓ. எதற்கு, காய்ச்சுவது எதற்கு என்று அப்படியே குடித்தோம்.

பையனுக்குக் காய்ச்சல், வாந்தி, அப்புறம் கண்ணெல்லாம் மஞ்சள். ரத்தம் பார்த்ததில் ஹெபடைடிஸ் ஏ, கல்லீரலைத் தாக்குகிற வைரஸ். முந்தின வாரம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டிருந்தோம், பழியை அந்தப் பந்திமேல் போட்டோம். டாக்டர்தான், "கிருமி உள்ளே போனதிலிருந்து 2 முதல் 6 வாரம் கழித்துத்தான் நோய் தெரியும், போன மாசத்தை யோசியுங்கள்" என்றார். போன மாசம்தான், முதல் இரண்டு குடத்தில் சாக்கடை வாடை வருவதாக மனைவி சொன்னாள். நான் மீட்டரை முக்கிக் காட்டி அவள் வாயை அடைத்திருந்தேன்.

பிளம்பரை வைத்துத் தோண்டினோம். தெருவிலிருந்து வருகிற எங்கள் பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப் வாசல் சாக்கடைக்குள்ளேயே முங்கிக் கிடந்தது. துருவைச் சுரண்டியதும் பென்சில் முனை நுழைகிற அளவு ஓட்டை. "தண்ணி வேகமா வந்தா வெளியதான் பீச்சும். நீங்க லைன்ல மோட்டாரப் போட்டு உறிஞ்சுறீங்கள்லண்ணே, அப்ப சாக்கடைய உள்ள இழுக்கும்" என்றார். லைனில் மோட்டார் போடக்கூடாது என்று தெரியாமல் இல்லை. தெருவே போடுகிறது, நாம் போடாவிட்டால் குடம் நிறையாது. மோட்டாரே இல்லாவிட்டாலும், தண்ணீர் நின்று குழாய் காலியாகக் கிடக்கும்போது அதே ஓட்டை வழியாகச் சாக்கடை கசிந்து இறங்கும். முதல் குடம் நாறுவது அதனால்தான்.

மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கிற உப்பைக் கணக்குப் போடுகிறது. கிருமி அதன் கணக்கிலேயே வராது. ஒரு குடத்தில் இரண்டு டம்ளர் சாக்கடை கலந்தாலும் பத்திருபதுதான் கூடும். பார்க்க வேண்டியது குளோரின். குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். சாக்கடை கலந்தால் அதிலிருக்கிற அழுக்கோடும் கிருமியோடும் போராடுவதிலேயே குளோரின் தீர்ந்துபோகும். இதைப் பார்க்கச் சொட்டு மருந்து கிட் கிடைக்கிறது, இரண்டு சொட்டு விட்டால் குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். கிட் இல்லையா, தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும்.

அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போனது. ஆனால் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் விளையாட வேண்டாம். இதே வழியில் பரவுகிற ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

இப்போது புது பைப்பைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் போட்டாயிற்று. மோட்டாரை லைனிலிருந்து கழற்றி, தரைத்தொட்டிக்கு மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டில் இன்னும் லைனில்தான் ஓடுகிறது, அதனால் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.