படம் வரையத் தெரியாதவர்களும் சேரலாமா?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டருகே ஒரு கூடத்தில், ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அமர்ந்து ஓவியம் தீட்டுகிறார்கள். இது மைண்ட்ஃபுல்னஸ் (செய்துகொண்டிருப்பதில் முழுக் கவனம் வைக்கும்) பயிற்சி, மனம் அமைதி பெறும் என்று சொல்லி என் மருமகள் அழைக்கிறாள். கணவர் காலமான பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தியானத்துக்கு உட்கார்ந்தாலும் அழுகைதான் வருகிறது. பள்ளிக்கூடத்தோடு படம் வரைவதை விட்டவள், இந்த 62 வயதில் அங்கே போவதால் பயன் உண்டா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், அம்மா. தாராளமாகப் போங்கள். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விரும்பியதைக் கொண்டு 45 நிமிடம் தம் போக்கில் ஏதேனும் செய்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற சுரப்பு குறைந்திருந்தது. முன்பே கலைப்பழக்கம் உள்ளவரா இல்லாதவரா என்பதால் அதில் வேறுபாடு ஏற்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லாததால் அதை முடிந்த முடிபாக நான் சொல்ல மாட்டேன். ஆயினும் கைபழகியவருக்குத்தான் பலன் என்ற உங்கள் தயக்கம் நீங்க அது போதும்.

முதல் நாளில் உருவம் எதையும் வரைய முயலாதீர்கள். கெட்டியான தாளை அகலமான பிரஷ்ஷால் நனைத்துக்கொண்டு, நீலத்தில் ஒரு சொட்டை அதன்மேல் விடுங்கள். அது நரம்பு நரம்பாகப் பிரிந்து, நீங்கள் நினைத்த இடத்தில் நில்லாமல் பரவும். அதன் விளிம்பு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தபடி மூச்சை அதன் போக்கில் விடுங்கள். மூடுபனி இறங்கிய நாளில் நம் மலையில் தாள் எளிதில் உலராது. அவசரப்பட்டு அடுத்த நிறத்தை வைத்தால் இரண்டும் கலங்கிவிடும் என்பதால் காத்திருந்தே ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பும் பயிற்சிதான். துக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணை மூடி அமர்வதே பெரும்பாடு. கண்ணுக்கும் கைக்கும் வேலை இருந்தால், மனம் எங்கே அலைந்தாலும் திரும்பி வர ஓரிடம் இருக்கும். அங்கே அழுகை வந்தால் அழுங்கள்.

சேருமுன் அந்தக் குழுவின் பழக்கத்தை விசாரியுங்கள். ‘நன்றாக வந்திருக்கிறது’ என்ற பாராட்டுகூட, அடுத்த வாரமும் நன்றாக வர வேண்டுமே என்ற கவலையைக் கொடுத்துவிடும். கறுப்பைத் தொட்டால் சோகம், சிவப்பைத் தொட்டால் கோபம் என்று பொருள் சொல்பவர் இருந்தால் அந்தக் குழு வேண்டாம். உங்கள் ஊரை அடுத்த வெள்ளரிக்கொம்பைக் கிராமத்தின் குறும்பர் பழங்குடியினர் வேங்கைப் பிசினும் மண்ணும் இலைச்சாறும் கொண்டு சுவரில் தீட்டிய ஓவியங்கள், வழிபாட்டோடும் அன்றாட வாழ்வோடும் சேர்ந்தே வளர்ந்தவை. மதிப்பெண்ணுக்காக மட்டுமே படம் வரைந்து பழகிய நமக்கு அது நினைவில் இருப்பது நல்லது.

தூக்கமின்மையை மட்டும் ஓவியத்திடம் ஒப்படைத்துவிடாதீர்கள், மருத்துவரையும் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், ஞாயிறு வரும்வரை காத்திராமல், எந்நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை உடனே அழையுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் ஒருமுறை இப்படி ஓர் அமர்வு நடத்த விரும்புகிறேன். வெற்றுத்தாள் கொடுப்பதா, மண்டல வடிவங்கள் (வட்டத்துக்குள் கோலம்போல் அமைந்தவை) அச்சிட்ட தாள் கொடுப்பதா?
– ஓர் ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: இரண்டையும் மேசையில் வையுங்கள். 2005-இல் கரி, காசர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், பதற்றத்தில் இருந்த மாணவர்களுக்கு வெற்றுத்தாளைவிட மண்டலமோ கட்டம்போட்ட வடிவமோ தீட்டியபோது பதற்றம் கூடுதலாகத் தணிந்தது. வெற்றுத்தாளைக் கண்டு திகைப்பவருக்குக் கோடுகள் துணையாகும். பழகியபின் அவரே வெற்றுத்தாளை எடுத்துக்கொள்வார். இத்தகைய அமர்வை ஓவியச் சிகிச்சை என்று மட்டும் அறிவிக்காதீர்கள். அது தனிப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய பணி. தலைமையாசிரியரும் மற்றவர்களோடு அமர்ந்து தீட்டட்டும். மேற்பார்வையிட்டபடி நடந்தால் ஒருவர் கையும் இயல்பாக ஓடாது. படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை என்பதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.