"தெரியும்" என்று சொல்லும் பிள்ளை

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் எதைச் சொன்னாலும் "தெரியும்" என்று நகர்ந்துவிடுகிறான். அறியும் ஆவலை வளர்க்க முடியுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும் அம்மா. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன், உறுதியாகச் சொல்கிறேன். தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி கண்ணில் பட்டால்தான் ஆவல் பிறக்கும் என்று அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-இல் எழுதினார். உங்கள் மகனுக்கு அந்த இடைவெளி தெரியவில்லை, அவ்வளவுதான்.

கரண்ட் போன இரவில் மெழுகுவர்த்தி ஏற்றி, "எரிவது திரியா, மெழுகா?" என்று கேளுங்கள். அவன் ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டும். ஊகித்தவனுக்குத்தான் விடை தேவைப்படும். அப்புறம் ஊதி அணைத்து, உடனே எழும் வெண்புகையில், திரியைத் தொடாமல், எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் புகை வழியே தாவி இறங்கித் திரியைப் பற்றும். அந்தப் புகை, ஆவியாகி எழுந்த மெழுகுதான்! லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி, சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றி மட்டுமே ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். என் வகுப்பில் இதைச் செய்த அன்று, மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

விளக்கத்தை மட்டும் அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். மறுநாள் அவனே வந்து கேட்கட்டும்.