‘மறு உத்தரவு வரும் வரை’ என்றால் எத்தனை வருஷம்? கோயில், கட்டளை, அறக்கட்டளை நிர்வாகம்: கேள்வி-பதில்

கோயிலையும் கட்டளையையும் (குறிப்பிட்ட பூஜைக்கோ தர்மத்துக்கோ விட்ட கொடை) மேற்பார்க்கிற அதிகாரம் அரசுக்கு எப்போதும் உண்டு. எடுத்து நடத்துகிற அதிகாரம் சில காரணங்களுக்காக, சில காலத்துக்கு மட்டும்தான். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இந்த எல்லையைப் பற்றியவை. கீழே ‘சட்டம்’ என்று வருவதெல்லாம் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 1959.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு நாங்கள் பரம்பரை அறங்காவலர்கள். 2003-ல் ஈ.ஓ. (செயல் அலுவலர்) போட்டார்கள். உத்தரவில் ‘மறு உத்தரவு வரும் வரை’ என்று இருக்கிறது. அந்த மறு உத்தரவு இன்றுவரை வரவில்லை. நாங்கள் கையெழுத்துப் போடுவதோடு சரி. இது முறைதானா ஐயா?

முறையில்லை. செயல் அலுவலரை நியமிக்கும் அதிகாரத்தை 45-வது பிரிவு அறநிலையத் துறை ஆணையருக்குக் கொடுக்கிறது. ஆனால் ‘விதிக்கப்படும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்ற சொற்களும் அதே பிரிவில் இருக்கின்றன. பல பத்தாண்டுகள் அந்த நிபந்தனைகளை வகுக்காமலே நியமனங்கள் நடந்தன. சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு 1987-ல் போடப்பட்ட நியமன உத்தரவை 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது இந்தக் குறையையும் சுட்டிக்காட்டியது. நிர்வாகத்தில் ஒரு கேடு இருந்தால் அதைக் களைய அரசு உள்ளே வரலாம். களைந்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலவரம்பே இல்லாமல் உட்கார்ந்துகொள்வது பிறர் உரிமையைப் பறிப்பதற்குச் சமம் என்பது தீர்ப்பின் சாரம். அதன் பிறகுதான் 2015-ல் செயல் அலுவலர் நியமன நிபந்தனை விதிகள் வந்தன. அவற்றின்படி ஒரு நியமனம் ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது.

‘சிதம்பரம் தீர்ப்பு தீட்சிதர்களுக்கு (அந்தக் கோயிலைப் பரம்பரையாக நடத்திவருபவர்கள்) மட்டும்’ என்று துறை அலுவலகத்தில் சொல்வார்கள். அது பாதி உண்மை. தீட்சிதர்கள் தனிச் சமயப் பிரிவு, அரசமைப்பின் 26-வது உறுப்பு அவர்களைக் காக்கிறது என்ற பகுதி அவர்களுக்கு உரியதுதான். காரணமும் காலவரம்பும் இல்லாத நியமனம் நிற்காது என்ற பகுதியை எந்தக் கோயிலும் எடுத்துச் சொல்லலாம்.

முதலில் காகிதத்தைக் கையில் வாங்குங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இணை ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள். நியமன உத்தரவு, அதற்கு முன் அனுப்பிய அறிவிப்பு, அறங்காவலர்கள் தந்த விளக்கம், அப்போதைய ஆய்வறிக்கை ஆகிய நான்கின் நகலையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘செயல்முறைகள்’ என்று தலைப்பிட்ட அந்த உத்தரவில் ந.க. எண்ணுக்கு (கோப்பு எண்) கீழே ‘பார்வை’ என்று ஒரு பகுதி இருக்கும். எந்தக் கடிதத்தை, எந்த அறிக்கையை வைத்து முடிவெடுத்தார்கள் என்பது அங்கே தெரியும். பார்வையில் ஆய்வாளர் கடிதம் ஒன்று மட்டும் இருந்து, அறங்காவலருக்கு அனுப்பிய அறிவிப்பு இல்லையென்றால், உங்கள் வழக்கின் பாதி அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

அடுத்து ஆணையருக்கு மனு. நியமித்தவர் அவர் என்பதால் இணை ஆணையரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கடைசி மூன்று பசலிக் (ஜூலை முதல் ஜூன் வரையான ஆண்டு) கணக்குகளின் தணிக்கை அறிக்கை, நகைப் பதிவேடு, கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியல் இவற்றை இணையுங்கள். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-வது உறுப்பின்கீழ் ரிட் மனு.

இந்த வழக்குகள் தோற்பதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, மனு முழுக்க ‘ஈ.ஓ. சரியில்லை’ என்று எழுதுவது. வேறு ஈ.ஓ.வைப் போட்டு முடித்துவிடுவார்கள். ‘உத்தரவில் கேடு எதுவும் சொல்லப்படவில்லை’ அல்லது ‘சொல்லப்பட்ட கேடு இந்தத் தேதியில் தீர்ந்துவிட்டது’ என்று எழுத வேண்டும். இரண்டு, பங்காளிகளே ஆளுக்கொரு மனுப் போடுவது. ஈ.ஓ. தொடர அதைவிட நல்ல காரணம் அரசுக்குத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: கோயிலுக்கு 64-வது பிரிவின்கீழ் நிர்வாகத் திட்டம் இருந்து, அந்தத் திட்டத்திலேயே செயல் அலுவலர் பதவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் திட்டத்தை மாற்றக் கேட்க வேண்டும். நியமனத்தை மட்டும் தாக்கினால் பயனில்லை.

அர்த்தஜாமப் பூஜை நேரத்தை ஈ.ஓ. மாற்றச் சொல்கிறார். முதல் மரியாதையும் அவர் சொல்பவருக்குத்தானாம்.

45(2)-இன் நிபந்தனை வாசகம் தெளிவு: சொத்து நிர்வாகம் சார்ந்த கடமைகளை மட்டுமே செயல் அலுவலருக்கு ஒதுக்க முடியும். பூஜை ஆகமத்தையும் கோயில் வழக்கத்தையும் பொறுத்தது. மரியாதைத் தகராறு 63-வது பிரிவின் (உ) கூறில் வரும். அதை இணை ஆணையர் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். ஈ.ஓ. வாய்மொழியாகத் தீர்மானிக்க முடியாது. நீங்களும் நேராக முன்சீப் கோர்ட்டுக்குப் போக முடியாது, 108-வது பிரிவு தடுக்கும்.

அறங்காவலரான என்னைத் தற்காலிக நீக்கம் செய்து, என் இடத்தில் நிர்வாகம் பார்க்கத் தக்காரைப் போட்டுவிட்டார்கள். குற்றச்சாட்டு என்னவென்று இன்னும் சொல்லவில்லை.

53-வது பிரிவில் நீக்குவதற்கான காரணங்கள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன: கணக்கோ வரவு செலவுத் திட்டமோ தராமல் தொடர்ந்து தவறுவது, சட்டப்படியான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, கடமை தவறுவது, பணம் கையாடுவது போன்றவை. ‘பொதுமக்கள் அதிருப்தி’ அந்தப் பட்டியலில் இல்லை. முறையும் அங்கேயே இருக்கிறது. குற்றச்சாட்டை எழுத்தில் வனைந்து கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், சாட்சியத்தைச் சோதிக்க வாய்ப்பளிக்க வேண்டும், காரணங்களோடு உத்தரவிட வேண்டும். தற்காலிக நீக்கம் என்பது அந்த விசாரணை நடக்கும்போது இடையில் செய்துகொள்ளும் ஏற்பாடு. குற்றச்சாட்டே இல்லையென்றால் எதற்கு இடையில்?

உடனே செய்ய வேண்டியவை: உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி உறையைப் பத்திரப்படுத்துங்கள், மேல்முறையீட்டுக் கெடு அன்றிலிருந்து ஓடும். சாவி, நகை, ரொக்கம், பதிவேடுகளைத் தக்காரிடம் ஒப்படைக்கும்போது உருப்படி வாரியாகப் பட்டியல் எழுதி, எடை குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் சாவியைத் தர மறுத்தவர்கள் பலர் உண்டு. இல்லாத குற்றச்சாட்டு அன்றுதான் பிறக்கிறது.

27-வது பிரிவை எடுத்துக் காட்டி ‘நாங்கள் சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும்’ என்பார்கள். அந்தப் பிரிவு சொல்வது ‘சட்டப்படியான’ உத்தரவுகளை. மறுப்பதாக இருந்தால் வாயால் மறுக்காதீர்கள். எந்தப் பிரிவின்கீழ் இந்த உத்தரவு என்று கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

எங்கள் குலதெய்வக் கோயில் குடும்பச் சொத்து. ஆய்வாளர் வந்து ‘இது பொதுக்கோயில்’ என்று அறிவிப்பு ஒட்டிப் போனார்.

ஒட்டியதால் பொதுக்கோயில் ஆகிவிடாது. சட்டத்துக்கு உட்பட்ட சமய நிறுவனமா என்ற தகராறை 63-வது பிரிவின்கீழ் இணை ஆணையர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அதன் மீது ஆணையரிடம் மேல்முறையீடு, 60 நாள். அதிலும் தோற்றால் 70-வது பிரிவின்கீழ் சார்பு நீதிமன்றத்தில் வழக்கு, 90 நாள். சென்னையில் என்றால் நகர உரிமையியல் நீதிமன்றம். பிறகு உயர் நீதிமன்றம், அதற்கும் 90 நாள்.

ஆனால் பழைய சென்னை மாகாணப் பகுதிகளில் கோயில் என்றாலே பொது என்று ஊகிக்கும் போக்கு நீதிமன்றங்களில் உண்டு. ஆகவே ஆதாரம் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். வெளியார் வந்து கும்பிட்டதாலேயே பொது ஆகிவிடாது. குடும்பம் அனுமதித்து வந்தார்களா, உரிமையாக வந்தார்களா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு எதிராகப் பேசுபவை: இனாம் (மானிய நில) பதிவேட்டில் சாமி பேரில் நிலம், ஊர் வரி வசூலித்துத் திருவிழா, தேர் அல்லது சப்பரம் வீதியுலா, கொடிமரம், உண்டியல். சாதகமானவை: பட்டா, மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது குடும்பப் பெயரில், பூசாரி சம்பளம் குடும்பக் கணக்கில், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கோயில் குறிப்பு. இதில் உண்டியலைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். குடும்பக் கோயில் என்று வழக்காடிக்கொண்டே வாசலில் தகர உண்டியல் வைத்து நன்கொடை ரசீதும் அடித்தால், அந்த ரசீதுப் புத்தகம் எதிர்த்தரப்பின் முதல் ஆவணம் ஆகிவிடும்.

கோயில் உபரி நிதியில் கல்யாண மண்டபம் கட்டத் துறை உத்தரவிடலாமா?

உபரியைச் செலவிட 36-வது பிரிவு வழி சொல்கிறது: முடிவெடுப்பவர் அறங்காவலர், முன் அனுமதி தருபவர் ஆணையர், நோக்கங்கள் 66-வது பிரிவில் உள்ளவை. இந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது. 2021 அக்டோபரில் கோயில் நகைகளை உருக்கும் திட்டம் நீதிமன்றத்துக்குப் போனபோது, அறங்காவலர்கள் இல்லாமல் அந்த முடிவை எடுக்க முடியாது என்பதே அங்கே முடிவான நிலை. 2025 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில் பணத்தில் கல்யாண மண்டபங்கள் கட்ட அனுமதித்த அரசாணைகளை ரத்து செய்தது. வாடகைக்கு விடும் மண்டபம் சமய நோக்கம் ஆகாது என்றது. அது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உங்கள் கோயிலில் அறங்காவலர் குழுவே இல்லாமல் தக்கார் மட்டும் இருந்தால், முதலில் 47 அல்லது 49-வது பிரிவின்கீழ்க் குழு அமைக்கக் கேளுங்கள்.

கோயில் நிலத்தைப் பத்து வருஷக் குத்தகைக்கு ஈ.ஓ. விட்டிருக்கிறார்.

ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை, விற்பனை, பரிவர்த்தனை, அடமானம் எதுவும் ஆணையர் அனுமதியின்றிச் செல்லாது (34-வது பிரிவு). அனுமதிக்கு முன் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பின் நகலைக் கேளுங்கள்.

எங்கள் முன்னோர் வழிப்போக்கர்களுக்காக வைத்த சத்திரம். சாமி சம்பந்தம் இல்லை. அறநிலையத் துறை கணக்குக் கேட்கிறது.

உயிலையோ மூலப் பத்திரத்தையோ எடுத்து வரி வரியாகப் படியுங்கள். சமயம் சாராத இந்துப் பொது அறக்கொடைமீது இந்தச் சட்டம் தானாகப் பாயாது. 3-வது பிரிவின்கீழ், நிர்வாகம் கெட்டிருக்கிறது என்று ஆணையர் விசாரித்து அறிக்கை தந்து, ஆட்சேபணை கேட்டு, அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் உண்டு. அந்த அறிவிக்கையின் எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் கணக்குக் கேட்க அதிகாரமும் இல்லை. ஆனால் பத்திரத்தில் ‘பங்குனி உத்திரத்தன்று வரும் பக்தர்களுக்கு அன்னதானம்’ என்று ஒரு வரி இருந்தால் நிலைமை வேறு. திருவிழாவோடு சேர்ந்த தர்மம் ‘சமய அறம்’, அதற்கு விட்ட சொத்து ‘குறிப்பிட்ட கொடை’, ஆகவே துறையின் வரம்புக்குள் வந்துவிடும். சொத்தில் ஒரு பங்குதான் அந்த அன்னதானத்துக்கு என்றால், அந்த அளவைப் பிரித்துத் தரும்படி 63-வது பிரிவிலேயே கேட்கலாம்.

சாமி சம்பந்தமே இல்லாத பொது அறக்கட்டளைகளுக்கு, மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் அறக்கட்டளை ஆணையர் தமிழ்நாட்டில் இல்லை. பத்திரம் பதிந்த சார்பதிவாளருக்கு நிர்வாகத்தில் தலையிட இடமில்லை. அறங்காவலரை நீக்க, கணக்குக் கேட்க, திட்டம் வகுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவுதான் வழி: அட்வகேட் ஜெனரல் தொடரலாம், அல்லது அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதி பெற்றுத் தொடரலாம். வருமான வரித் துறை அறக்கட்டளையின் வரிச்சலுகைப் பதிவை ரத்து செய்ய முடியும். யார் அறங்காவலர் என்று சொல்ல முடியாது. சங்கமாகப் பதிந்திருந்தால் மாவட்டப் பதிவாளர் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவில் விசாரிக்கலாம், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களும் அதைக் கேட்கலாம். ஆனால் இரண்டு கோஷ்டி ஆளுக்கொரு படிவம் 7 (நிர்வாகிகள் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம்) கொண்டுவந்தால், எந்தத் தேர்தல் செல்லும் என்று தீர்ப்புச் சொல்கிற வேலை அவருடையதல்ல. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான்.